புதுக்கிளியைத் தனியே வைத்த நாட்கள்

2003ஆம் வருடம் வைகாசிக் கடைசியில் என் கணவர் ஒரு தக்காளிப் பெட்டியில் கிளிக்குஞ்சு ஒன்றைக் கொண்டுவந்தார். பெட்டிக்கு மேல் ஜீப் துடைக்கிற துணியைக் கட்டியிருந்தார். "அக்காவுக்கு" என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போய்விட்டார்.

அப்போது நாங்கள் சுருளிப்பட்டியில் இருந்தோம். நான் கிராம சுகாதாரச் செவிலியர். கர்ப்பிணிகளுக்கு ஊசி, பிள்ளைகளுக்குத் தடுப்பு மருந்து, காசநோய்க்காரர்களுக்கு மாத்திரை என்று நாலு ஊருக்கு நடப்பது என் வேலை. அவர் ஜீப் ஓட்டினார். காலையில் ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறுவார், சாயங்காலம் இறக்கிக் கொண்டுவருவார்.

வீட்டில் நாங்கள் இருவர், நாலாவது படிக்கிற மகள், அப்புறம் என் கணவரின் அக்கா. அவரை நான் மதினி என்று கூப்பிடுவேன். அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. முன்னறையில் தையல் மிஷின் போட்டு ஊர்ப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக்கொடுத்தார். அந்த மிஷினை மிதித்துத்தான் தம்பியை வளர்த்திருந்தார். எனக்கும் அவருக்கும் சண்டை கிடையாது. பெரிய ஒட்டுதலும் கிடையாது. நான் வேலை முடிந்து வரும்போது சோறு வடித்து வைத்திருப்பார். எப்படிப் போச்சு என்று கேட்க மாட்டார்.

மதினியிடம் ஏற்கெனவே ஒரு கிளி இருந்தது. எங்கள் பக்கம் திராட்சை பழுக்கிற நாளில் கிளிகள் கூட்டமாக இறங்கும். பந்தலுக்கு மேல் வலை விரிப்பார்கள். சிக்கியதைப் பிய்த்து வரப்பில் எறிவார்கள். அப்படி எறிந்த ஒன்றை, ஏழெட்டு வருடத்துக்கு முன்னால், துணி தைக்கக் கொடுக்க வந்த ஒரு பெண் முந்தானையில் சுருட்டி எடுத்து வந்தாள். ஒரு இறக்கை ஒடிந்து கோணலாகக் கூடிவிட்டது. அதனால் அது பறக்காது. மிஷின் மேல் நடக்கும், நூல்கண்டை உருட்டிவிடும். வாசலில் யார் தலை தெரிந்தாலும் மதினியின் குரலிலேயே "அளவு ஜாக்கெட் கொண்டாந்தியா?" என்று கேட்கும். மதினி கடலையைப் பல்லால் மென்று உதட்டு நுனியில் நீட்டுவார், அது அலகால் எடுத்துக்கொள்ளும். வாயில் வைத்துக் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லியிருக்கிறேன். "உனக்கென்னத்தா, நீயா திங்கிற?" என்பார்.

அதற்கு ஒரு துணை இருக்கட்டும் என்று நினைத்துத்தான் என் கணவர் குஞ்சைக் கொண்டுவந்திருக்கிறார். மலையடிவாரத்தில் ஒருவன் கம்பிக்கூண்டுக்குள் அடைத்து வைத்து விற்றுக்கொண்டிருந்தானாம். நிற்க இடமில்லாமல் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி நின்றதாம். "அடியில ரெண்டு செத்துக் கெடந்துச்சு. விட்டுட்டு வர மனசு வரல" என்றார்.

நான் பெட்டிக்குள் பார்த்தேன். குஞ்சு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு உருண்டையாக உட்கார்ந்திருந்தது. ஒரு கண்ணில் நீர் கோத்திருந்தது. எச்சம் தண்ணீராக, பச்சையாக இருந்தது. மனிதர்களின் கண்ணையும் மலத்தையும் பார்த்துப் பழகியவள் நான். எனக்குச் சரியாகப் படவில்லை. மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் கால்நடை மருந்தகத்தில் ஏறினேன்.

அங்கிருந்த டாக்டர் ஓய்வு பெறுகிற வயதில் இருந்தார். ஒரு கன்றுக்குக் குடற்புழு மருந்து ஊற்றி முடித்துவிட்டுக் கையைத் துடைத்தபடி, "யாரு கிளி நர்சம்மா?" என்று கேட்டார்.

"பக்கத்து வீட்டுது சார்."

என்னை ஒரு தரம் பார்த்தார். "யாருதா இருந்தாலும் சரி. நாப்பத்தஞ்சு நாளு தனியா வைக்கச் சொல்லுங்க. அடுத்த ரூம்பு பத்தாது, காத்து கலக்காத இடமா இருக்கணும். முதல்ல பழைய கிளிக்கு இரை வச்சு முடிச்சுட்டு, அப்புறமா புதுசுக்கிட்டப் போகணும். திரும்பி வந்து சோப்புப் போட்டுக் கை கழுவணும். எச்சத்தைக் காய விட்டுக் கூட்டக் கூடாது. தண்ணி தெளிச்சுத்தான் அள்ளணும். அந்தத் தூசி மூக்குல ஏறுனா மனுசனுக்கும் வரும்."

"என்ன வரும் சார்?"

"கிளிக்காய்ச்சல்னு வச்சுக்கங்க. நெஞ்சுல சளி கட்டும். கிளியப் பாத்தா ஒண்ணும் தெரியாது. நல்லாத்தான் இருக்கும், ஆனா உள்ள வச்சுக்கிட்டே பரப்பும்." சொல்லிக்கொண்டே மேசையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். "புழு இருக்கான்னு நானே பாத்துருவேன். இந்தக் காய்ச்சலுக்கு இங்கன சோதனை கிடையாது. எச்சத்தைச் சுத்தமான குப்பியில கொண்டாந்தா மெட்ராசுக்கு அனுப்பலாம். மூணு வாரம் ஆகும்."

படிவத்தில் முதல் வரி உரிமையாளர் பெயர், அடுத்த வரி முகவரி, அதற்கடுத்தது தொழில்.

"பச்சைக்கிளி வளக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்ல" என்றார் டாக்டர். "நான் போலீசு இல்ல. ஆனா பேரு போடாம அனுப்ப முடியாது."

படிவத்தை வாங்கித் தடுப்பூசிப் பதிவேட்டுக்குள் மடித்து வைத்தேன். அது அங்கேயே இருந்தது.

சோதனையைத் தவிர அவர் சொன்ன மற்றதையெல்லாம் செய்தேன். வீட்டுக்குப் பின்னால், ஜீப் சாமான் போடுகிற தகரக் கொட்டகையில் குஞ்சை வைத்தேன். அடியில் செய்தித்தாள் விரித்து, தினமும் தண்ணீர் தெளித்துச் சுருட்டி எடுத்துக் குழியில் புதைத்தேன். அதற்கென்று ஒரு தேங்காய்ச் சிரட்டை, ஒரு பழைய சேலை. மகள் கொட்டகைப் பக்கம் போகக் கூடாது என்று சத்தம் போட்டு வைத்தேன். வாரம் ஒன்று ஆனதும் அதன் கண் காய்ந்தது. மயிர் படிந்தது. கொய்யாவைக் கொத்த ஆரம்பித்தது.

தெம்பு வந்ததும் கத்த ஆரம்பித்தது. விடிந்ததிலிருந்து அது கொட்டகையில் கத்தும், பழைய கிளி முன்னறையிலிருந்து பதில் கத்தும். பழையது இரையைச் சிதறியது. மிஷினை விட்டு இறங்கி, நடையில் தத்தித் தத்திப் பின்வாசல் வரைக்கும் போய்க் கதவைக் கொத்தியது.

"ஏத்தா, அத ஏன் அங்கன போட்டு அடைச்சிருக்க?" என்று மதினி கேட்டார்.

"டாக்டரு சொன்னாக மதினி. நாப்பத்தஞ்சு நாளு."

"நாப்பத்தஞ்சு நாளா? அது யாரு குடியக் கெடுத்துச்சு?"

அதற்கப்புறம் என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. மிஷினை மட்டும் முன்னைவிட வேகமாக மிதித்தார்.

பத்தொன்பதாவது நாள் ஒரு புதன்கிழமை, தடுப்பூசி போடுகிற நாள். மூன்று ஊர் சுற்றிவிட்டுச் சாயங்காலம் வந்தேன். முன்னறையில் மிஷின் மேல் இரண்டு கிளிகளும் நின்றன. பழையது குஞ்சின் கழுத்து மயிரைக் கோதிக்கொண்டிருந்தது. மதினி ஜாக்கெட்டின் ஒரு கையைத் தைத்து முடித்து நூலைக் கடித்து அறுத்தார். நான் வாயைத் திறக்கும் முன்னே அவர் பேசினார்.

"என்னையும் பதினேழு வயசுல தொழுவத்துல போட்டாக. உனக்குத் தெரியும்ல?"

"டிபி வந்துச்சுன்னு இவுக சொல்லியிருக்காக மதினி."

"டிபி வந்தது தெரியும். தொழுவம் தெரியுமா? பதினோரு மாசம். மாட்டுக்குத் தண்ணி காட்ட வாறப்பத்தான் எங்காத்தா என்னையும் பாக்கும். தட்டத் தரையில வச்சுக் கம்பால தள்ளும். கம்பத்துல போயி ஊசி போட்டு, சளியில ஒண்ணுமில்லன்னு டாக்டரு எழுதியே குடுத்துட்டாரு. அதுக்குப் பொறவும் எட்டு மாசம் அங்கனதான் கெடந்தேன். தம்பி கைப்பிள்ள. அவன் அழுகுற சத்தம் மட்டும் எனக்குக் கேக்கும்." துணியை உதறினார். "இந்தக் குஞ்சு கத்துறது நாள் பூரா எனக்குக் கேக்குதுத்தா. உனக்குக் கேக்காது. நீ வேலைக்குப் போயிருவ."

அவரைத் தொழுவத்தில் போட்டது கொடுமை, இது வைத்தியம், இரண்டும் ஒன்றில்லை என்று சொல்ல எனக்கு வார்த்தை இருந்தது. நோயாளியைத் தனியே படுக்க வைக்க மறுக்கிற வீடுகளில் நான் தினமும் பேசுகிற வார்த்தைகள்தான். அன்று பேசவில்லை. கால் வலித்தது. குஞ்சும் பார்க்க நன்றாக இருந்தது. இன்னும் இருபத்தாறு நாள் அந்தக் கத்தலைக் கேட்க வேண்டாம் என்கிற நிம்மதியும் எனக்குள் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"சரி மதினி. கையை மட்டும் கழுவிக்கங்க" என்றேன்.

ஆனிக் கடைசியில் பழைய கிளி மயிரைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்தது. முதல்நாள் குஞ்சைப் பார்த்தபோது எப்படி இருந்ததோ அப்படியே. எச்சம் பச்சையாகப் போனது. வாசலில் ஆள் வந்தும் அளவு கேட்கவில்லை. மதினி மடியில் துணி விரித்து அதைப் படுக்க வைத்துக்கொண்டு, பஞ்சை நனைத்து அலகில் பிழிந்தார், மூச்சுக்காற்றால் சூடு ஊதினார். மூன்றாம் நாள் காலையில் அவர் மடியிலேயே அது செத்துப்போனது. கொல்லையில் முருங்கைக்கு அடியில் புதைத்தோம். மகள் அழுதாள். மதினி அழவில்லை. இரண்டு நாள் மிஷினில் உட்காரவில்லை. மூன்றாம் நாள் குஞ்சைத் தோளில் ஏற்றிக்கொண்டு தைக்க ஆரம்பித்தார்.

கால்நடை டாக்டரிடம் நான் போகவில்லை. போனால் படிவம் எங்கே என்று கேட்பார்.

ஆடி பிறந்து காற்று இறங்கியது. எங்கள் பள்ளத்தாக்கில் அந்த மாதம் கதவைத் திறந்தால் வீடு முழுக்க மண்தான். மதினிக்குத் தலைவலி என்று ஆரம்பித்தது. மண்டையைப் பிளக்கிறது என்று துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார். பிறகு காய்ச்சல், வறட்டு இருமல். நான் மாத்திரை கொடுத்தேன், கேட்கவில்லை. அவருக்கு வந்திருந்த பழைய நோய்தான் என் புத்தியில் முதலில் வந்தது. மூன்று தரம் சளி எடுத்துச் சோதனைக்குக் கொடுத்தேன். மூன்று தரமும் கிருமி இல்லை என்று வந்தது. கிளி செத்த நினைப்பும் வந்தது. வந்த நினைப்பை நான் உட்கார விடவில்லை.

எட்டாம் நாள் மூச்சு வாங்கியது. தேனியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்தேன். என் கணவர் கூலி ஆட்களை மலையில் விட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார். நான் வேலைக்குக் கிளம்பிய சேலையோடே, யூனிஃபார்மில் இருந்தேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மேல இருக்குறது பழைய தழும்பு சிஸ்டர். கீழ புதுசா ரெண்டு பக்கமும் வெள்ளையா இருக்கு. டிபி திரும்புச்சா, இல்ல வேற நிமோனியாவான்னு தெரியல" என்றார். பிறகு வழக்கமான கேள்விகள் கேட்டார். எங்கேயாவது வெளியூர் போனார்களா, வீட்டில் வேறு யாருக்காவது காய்ச்சலா என்று கேட்டு எழுதிக்கொண்டே வந்தார்.

"வீட்ல ஆடு, கோழி, புறா, கிளி இந்த மாதிரி ஏதும் வளக்குறீங்களா?"

அதற்கு முந்தைய மாதம்தான் பக்கத்து ஊரில் ஜோசியக்காரர் ஒருவரின் கிளிகளை வனத்துறையினர் பிடித்துப் போயிருந்தார்கள். கூண்டோடு அவர் நிற்கிற படம் பத்திரிகையில் வந்திருந்தது. வீட்டில் கிளி வைத்திருந்த வாத்தியார் ஒருவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்றும் பேச்சு. உண்மையா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. எனக்கு அப்போது பதினான்கு வருட வேலை. சேலைக் கரையைப் பார்த்தேன். அரசாங்கம் கொடுத்த கரை.

"இல்ல சார்" என்றேன்.

மதினி கட்டிலில் படுத்திருந்தார். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அதுவரைக்கும் டாக்டர் கேட்டதற்கெல்லாம் மூச்சு வாங்க வாங்க அவரும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். இதற்கு எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

நிமோனியாவுக்கு வழக்கமாகப் போடுகிற ஊசி போட்டார்கள். காசநோய் மாத்திரையும் ஆரம்பித்தார்கள். அந்த ஊசிக்குக் கிளிக்காய்ச்சல் கிருமி அடங்காது என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஐந்து நாள் ஓடியது. மகளைச் சின்னமனூரில் என் அம்மா வீட்டில் விட்டிருந்தோம். என் கணவர் மத்தியானம் வந்து உட்காருவார். "டிபிதான், மருந்து கேக்க நாளாகும்" என்று அவரிடம் சொன்னேன். டாக்டர் அப்படி உறுதியாகச் சொல்லவேயில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் மதினியின் உதடும் நகமும் நீலம் பாரித்தன. மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்று எழுதிக்கொடுத்தார்கள். ஆம்புலன்சில் நான் மட்டும் ஏறினேன், என் கணவர் ஜீப்பில் பின்னால் வந்தார். வைகை அணைக்குப் பிரிகிற ரோட்டையும் ஆண்டிபட்டியையும் தாண்டிய பிறகு, மதினி மூக்கிலிருந்த ஆக்சிஜன் மூடியைக் கையால் விலக்கினார்.

"குஞ்சு என்ன செய்யிது?"

"இருக்கு மதினி. உங்க தம்பி இரை வைக்கிறாக."

கொஞ்ச தூரம் மூச்சை மட்டும் இழுத்துக்கொண்டு வந்தார். பிறகு, "வேலை போயிருமின்னு பயந்துட்டியாக்கும்" என்றார்.

ஆமென்று தலையை ஆட்டினேன்.

"நானும் அதான் பேசாம இருந்தேன். பிள்ளையப் படிக்க வைக்கணும்ல." மறுபடி மூச்சு இழுத்தார். "மதுரையில சொல்லிரு."

அவர் சொல்லாவிட்டால் மதுரையில் நான் சொல்லியிருப்பேனா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். சொல்லியிருப்பேன் என்று சத்தியம் செய்ய முடியவில்லை.

மதுரையில் ஒரு பெண் டாக்டர். சேர்க்கிற இடத்திலேயே சொன்னேன். வீட்டில் கிளி இருந்தது, ஒன்று செத்துப்போனது, இவர் அதற்கு வாயில் இரை கொடுத்தார், தேனியில் கேட்டபோது நான் மறைத்துவிட்டேன், எல்லாவற்றையும். அவர் எழுதுவதை நிறுத்தினார். "நீங்க ஒரு நர்ஸ்தானே?" என்று கேட்டார். திட்டியிருந்தால் தேவலை. உடனே வேறு மருந்தைக் கொண்டுவரச் சொல்லி ஏற்றினார். டாக்ஸிசைக்ளின். சாதாரண மருந்துதான், எங்கள் சுகாதார நிலையத்து அலமாரியிலேயே டப்பா டப்பாவாக இருந்தது.

முதல் இரண்டு நாள் காய்ச்சல் இறங்கியது. என் கணவர் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தார், அதுவரைக்கும் அவர் வார்டை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். நாலாம் நாள் காலை, வார்டில் இட்லி கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், மதினி இறந்துபோனார்.

அந்த டாக்டரைத் தேடிப்போய்க் கேட்டேன். அஞ்சு நாளைக்கு முன்னால் இந்த மருந்து கொடுத்திருந்தால் என்று கேட்டேன். "பொழைச்சிருக்கலாம்மா. பொழைக்காமலும் போயிருக்கலாம். ஏற்கெனவே பாதி நுரையீரல் கெட்டிருந்துச்சு" என்றார். இறப்புச் சான்றிதழில் நிமோனியா என்று மட்டும் இருந்தது.

எரித்துவிட்டு வந்து தலை முழுகினதும் என் கணவர் நேராகக் கொட்டகைக்குப் போனார். கிளியிலிருந்து வந்த காய்ச்சலாக இருக்கும் என்று மதுரை டாக்டர் அவரிடமும் சொல்லியிருந்தார். குஞ்சை மறுபடியும் அங்கேதான் போட்டிருந்தார். ஈரத் துண்டால் அதைப் பொத்தி எடுத்தார். கழுத்தைத் திருகப் போகிறார் என்று தெரிந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"விடுங்க. அதச் சோதிக்கணும்."

"இன்னும் என்னத்தச் சோதிக்கப் போற?"

"இதுலருந்துதான் வந்துச்சான்னு எனக்குத் தெரியணும்."

அவர் கை தளர்ந்தது. கிளி மேல் எனக்கு அப்போது துளி இரக்கம் கிடையாது. தெரிய வேண்டும் என்பது ஒன்றுதான்.

மறுநாள் இரண்டு பேரும் கால்நடை மருந்தகத்துக்குப் போனோம். டாக்டர் என்னைப் பார்த்ததும் பழைய ஞாபகத்தில், "பக்கத்து வீட்டுக்காரக கிளி என்ன ஆச்சு நர்சம்மா?" என்று சிரித்தார். என் கணவர் மொட்டைத் தலையோடு பின்னால் நிற்பதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நான் பதிவேட்டைப் பிரித்துப் படிவத்தை எடுத்தேன். மடிப்பு விழுந்த இடத்தில் கிழிந்திருந்தது. உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். தொழில் என்ற இடத்தில் செவிலியர் என்று எழுதினேன்.

தோளுக்கு மேலாக என் கணவர் பார்த்துக்கொண்டிருந்தார். "இது முன்னாடியே குடுத்த காயிதமா?" என்றார்.

"ஆமா."

"தேனியில டாக்டரு கேக்கலயா, கிளி இருக்கான்னு?"

"கேட்டாக."

"நீ என்ன சொன்ன?"

"இல்லன்னு சொன்னேன்."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். கால்நடை டாக்டரும் அப்படித்தான் நினைத்தார் போலிருக்கிறது, நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். என் கணவர் கையில் வைத்திருந்த எச்சக் குப்பியை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது. நான் நடந்து வீட்டுக்கு வந்தேன்.

கிளிக்கு நாற்பத்தைந்து நாள் மருந்து. இந்தத் தடவை ஒரு நாள்கூட விடவில்லை. வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு, கையுறை போட்டு, மருந்தைக் கரைத்து அலகுக்குள் விட்டேன். தாளைப் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் நனைத்து எடுத்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், மாத்திரையும் சாப்பிட்டோம். மகளை அது முடிகிற வரைக்கும் கூட்டி வரவில்லை. மிஷினுக்கு மேல் துணி போர்த்தியிருந்தோம். தைத்து முடிக்காத ஜாக்கெட்டுகளை அவரவர் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். கொட்டகையில் கிளி கத்திக்கொண்டே இருந்தது. ஆவணியில் நான் நீண்ட விடுப்பில் இருந்ததால் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் எனக்கு அது கேட்டது.

மூன்று வாரம் கழித்து வந்த முடிவில், அனுப்பிய மாதிரி வழியில் கெட்டுவிட்டதால் சோதிக்க இயலவில்லை என்று இருந்தது. இன்னொரு தடவை அனுப்பினோம். அதில் கிருமி இல்லை என்று வந்தது. "மருந்து குடிச்ச கிளியில இல்லன்னுதான் வரும் நர்சம்மா. அதுக்கு முன்னாடி இருந்துச்சான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். குஞ்சுதான் கொண்டுவந்தது என்று அவர் நம்பினார். நானும் நம்புகிறேன். காகிதத்தில் எங்கேயும் அப்படி இல்லை.

மருந்து முடிந்த மறுநாள், பெட்டியில் துணி கட்டி, கிளியை வனத்துறை அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். என் பெயர், வேலை எல்லாம் எழுதிய கடிதத்தையும் கையில் வைத்திருந்தேன். சஸ்பெண்ட் ஆகலாம், வழக்கு வரலாம் என்று மனசைத் தயார் செய்துகொண்டுதான் போனேன். அங்கே இருந்தவர் கடிதத்தைப் படித்தார். "கவர்மெண்டுல இருக்கீக, நீங்களே இப்படிச் செய்யலாமா?" என்றார். ஒரு நோட்டில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். "கொஞ்ச நாள் வச்சுப் பாத்துட்டுக் காட்டுல விட்டுருவோம். இனிமே வளக்காதீக" என்று சொல்லிவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். ஒருவர் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றேன். கம்பம் பஸ் வந்தது, போனது. இன்னொன்று வந்து போனது. ஏற முடியவில்லை. பக்கத்தில் நின்ற அம்மாள் "மயக்கமாத்தா?" என்று கேட்டு என்னை உட்கார வைத்தார்.

என் கணவர் என்னை விட்டுப் போகவில்லை. நான் சமைத்ததைச் சாப்பிட்டார். மகளைப் பற்றிப் பேச வேண்டியதைப் பேசினார். மற்றபடி தைப் பொங்கல் வரைக்கும் எங்களுக்குள் பேச்சில்லை. அதன்பிறகு பேசினோம், ஆனால் அக்காவைப் பற்றி இல்லை. அந்த வீட்டைப் பூட்டிவிட்டுக் கம்பத்துக்கு வந்தோம். நான் வேலையில் நீடித்தேன். காய்ச்சல் என்று போகிற வீட்டிலெல்லாம் கோழி, புறா, கிளி இருக்கிறதா என்று கேட்கிறேன். இல்லை என்று சொன்னால் கொல்லைப்புறம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

சொந்தக்காரர்களிடையே வேறொரு கதை நிலைத்துவிட்டது. மதினி கிளிப் பைத்தியம், நர்சு சொல்லியும் கேட்காமல் கிளிக்கு வாயில் இரை கொடுத்தார், அதனால் செத்தார். இதை என் காது படவே சொல்வார்கள். அதில் பொய்யில்லாத பகுதி இருந்ததால் நான் மறுத்துப் பேசவில்லை. ஏழு வருடம் அப்படியே விட்டுவிட்டேன்.

2010இல் ஒரு கல்யாண வீட்டிலிருந்து திரும்பி வந்த மத்தியானம், பதினொன்றாவது படிக்கிற என் மகள் காதுத் தொங்கட்டானைக் கழற்றிக்கொண்டே, "அத்தை தன் சாவைத் தானே தேடிக்கிட்டாகளாம்மா. பந்தியில பேசிக்கிட்டாக" என்றாள். அவள் சொன்ன விதத்தில் லேசான அலுப்பு இருந்தது, முட்டாள்தனமாகச் செத்துப்போன ஒருவரைப் பற்றிச் சொல்கிற மாதிரி. என்னால் அதைத் தாங்க முடியவில்லை. உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். படிவம், கொட்டகை, தேனியில் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில், ஆம்புலன்சில் மதினி பேசியது வரைக்கும்.

நான் முடித்ததும், "அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"என் படிப்புக்காகவா அத்தை பேசாம இருந்தாக?"

"அப்படித்தான் சொன்னாக."

தொங்கட்டானை மேசையில் வைத்தாள். எழுந்து வாசலுக்குப் போனாள். அவள் அப்பா ஜீப்பின் பானெட்டைத் திறந்து எண்ணெய் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று என்னவோ கேட்டாள். அவர் கையைத் துடைத்துவிட்டு, வண்டியின் பின்பக்கம் அவளை உட்காரச் சொல்லித் தானும் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பேசினார். அக்காவைப் பற்றி அவர் பேசியதை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். என்ன பேசினார்கள் என்று உள்ளிருந்த எனக்குக் கேட்கவில்லை. சோறு ஆறிப்போய்க்கொண்டிருந்தது. நான் அவர்களைக் கூப்பிடவில்லை.